திரும்பும் கோடு

கவிதை எழுதும் நண்பர் ஒருவர் போன மழைக்காலத்தில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போகிறபோக்கில் ஒன்று சொன்னார்: "வரியை உடைக்கிறது இருக்கே, அது சேலைக்குக் கரை மாதிரி. இருந்தா லட்சணம். இல்லேன்னா ஒண்ணும் குடிமுழுகிப் போயிடாது." நான் அப்போது பதில் சொல்லவில்லை. கவிதையைப் பற்றி அவர் சொன்னது சரியா என்று எனக்கு உடனே தீர்மானிக்க முடியவில்லை. ஆனால் கரையைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது என்பது மட்டும் தெரிந்தது. இது அந்தத் திண்ணைக்குத் தாமதமாகப் போகும் பதில்.

நான் நெசவாளி வீட்டுப் பிள்ளை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், 1960களின் நடுவில், ஒன்பது வயதிலிருந்து பதிமூன்று வயதுவரை அப்பாவின் குழித்தறியில் இடது ஓரத்தில் உட்கார்ந்து கரைநாடா போட்டிருக்கிறேன். கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், இரண்டு கரையும் வேறு நிறம். பாவிலேயே நிறம் பிரிந்திருக்கும். ஊடும் பிரிந்தாக வேண்டும். அதனால் மூன்று நாடா. உடல்நாடா ஒன்று, கரைக்கு ஒன்றாக இரண்டு. வலது கரையை அப்பா பார்த்துக்கொள்வார். இடது கரை என்னுடையது. உடல்நாடா என் பக்கம் வந்து சேரும்போது கரை இழையும் உடல் இழையும் ஒன்றையொன்று கொக்கிபோல் பிடித்துக்கொள்ள வேண்டும். அதுதான் கோர்வை. பிடி தவறினால் சேலை அங்கே வாய் பிளக்கும்.

இந்தப் பிடிப்பு எப்போதும் ஒரே இடத்தில் நடந்தால் உடலும் கரையும் கோடு கிழித்தாற்போல் நேராகப் பிரிந்து நிற்கும். பிடிக்கிற இடத்தை ஒவ்வொரு முறையும் சில இழைகள் உள்ளே தள்ளிக்கொண்டே போய், ஓர் உச்சிக்கு வந்ததும் அதே கணக்கில் பின்வாங்கினால் கரை பல்பல்லாக உடலுக்குள் ஏறி இறங்கும். ரேக்கு என்பார்கள். இப்போது கடைகளில் டெம்பிள் பார்டர். கோபுர வரிசை என்று பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். தறியில் உட்கார்ந்தவனுக்கு அது கோபுரமல்ல, எண்ணிக்கை. எத்தனை இழை உள்ளே, எங்கே திரும்ப வேண்டும். திரும்ப மறந்தால் அப்பாவின் குரல் வரும்: "எண்ணுடா." வேறு ஒன்றும் சொல்லமாட்டார்.

ஆக, கரை என்பது சேலையின் ஓரத்தில் ஒட்டிய லட்சணமல்ல. ஒன்றோடொன்று சேர மறுக்கும் இரண்டு துணிகள் சேர்ந்தாக வேண்டிய இடம். நண்பரின் உவமை இந்த முதல் படியிலேயே சரிகிறது. ஆனால் அவர் உவமையை மறுத்துவிட்டால் கேள்வி தீர்ந்துவிடாது. இப்படித் திரும்பித் திரும்பிப் போகும் கோடு எதற்காகத் திரும்புகிறது? திரும்புவதனால்தான் அழகா, அல்லது எதற்காகத் திரும்புகிறதோ அதனால் அழகா? நம் உருவ-உள்ளடக்க விவகாரங்கள் எல்லாம், எத்தனை பக்கம் அச்சானாலும், இந்தக் கேள்வியைக் கேட்காமலே நடந்து முடிந்துவிட்டன என்பது என் அபிப்ராயம்.

*

இந்தக் கோட்டுக்குத் தமிழில் ஒரே சொல்லாகப் பெயர் இல்லை. 'நெளி' என்றால் வளைவு வந்துவிடுகிறது. நெளி மோதிரத்தில் முனை கிடையாது. 'கோணல்மாணல்' என்றால் ஒழுங்கு போய்விடுகிறது. ஜிக்ஜாக் என்பதில் ஒழுங்கும் உண்டு, முனையும் உண்டு. ஜெர்மானியச் சொல். பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்தது. அதன் பழைய வழக்கு கைவினையைச் சார்ந்ததோ இயற்கையைச் சார்ந்ததோ அல்ல. கோட்டை முற்றுகையைச் சார்ந்தது.

கோட்டையை நோக்கிப் பள்ளம் வெட்டிக்கொண்டு முன்னேறும் படை நேராக வெட்டினால், மதில்மேல் இருப்பவன் ஒரே குண்டில் பள்ளத்தின் நீளம் முழுவதையும் துடைத்துவிடுவான். ஆகவே இடமும் வலமுமாக மாறி மாறிச் சாய்த்து வெட்ட வேண்டும். 1673இல் மாஸ்ட்ரிக்ட் முற்றுகையில் பிரெஞ்சுப் பொறியாளன் வோபான் இதை ஒரு முறையாகவே ஆக்கிக்காட்டினான். முதல் உலக யுத்தத்தின் பதுங்குகுழிகளும் இந்தக் காரணத்திற்காகவே நேராகப் போகவில்லை. ஒரு திருப்பத்தில் விழுந்த குண்டு அடுத்த திருப்பத்தில் இருப்பவனைத் தொடாது. இங்கே கோடு திரும்புவதற்கு ரசனை காரணமல்ல. திரும்பாவிட்டால் செத்துப்போவார்கள். உருவத்தின் காரணம் இவ்வளவு ஸ்தூலமாக வேறெங்கும் தெரிவதில்லை.

நேர்கோடு முடியாமற்போகிற இடத்தில் இந்த உருவம் பிறக்கிறது. மலை ரயில்பாதைகளைப் பார்க்கலாம். 1879இல் தொடங்கி 1881இல் டார்ஜிலிங்கை எட்டிய இரண்டடிப் பாதையில், ரயில் முன்னே போய் நின்று, பின்னால் ஏறி, மறுபடி முன்னே போகிறது. இப்படி இன்றும் ஆறு இடங்களில். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தைப் பிடித்து ஏறக்கூடிய சரிவுக்கு ஓர் எல்லை உண்டு. மலை அந்த எல்லைக்குக் கட்டுப்பட்டதல்ல. எனவே உயரத்தை நீளமாக மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கு மலைச்சரிவில் இடம் போதாதபோது ரயில் வந்த திசையிலேயே திரும்புகிறது. ஒவ்வொரு திருப்பமும் ஒரு தோல்வியை ஒப்புக்கொள்வது. அந்த ஒப்புதலைச் சேர்த்துச் சேர்த்துத்தான் ரயில் கூம் ஸ்டேஷனில் 2258 மீட்டர் உயரத்தை அடைகிறது.

நம் நீலகிரிப் பாதை வேறு வழி எடுத்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இல், உதகைக்கு 1908இல். ஏறக்குறைய 12 அடிக்கு ஓர் அடி ஏறும் சரிவில் ரயில் நேராகவே ஏறுகிறது. காரணம், தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம். ஆப்ட் முறை என்பது. இரண்டு பல்சட்டங்களை அருகருகே வைத்து, ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றொன்றின் பள்ளம் வருமாறு தள்ளிப் பதித்திருப்பார்கள். எஞ்சினின் பல்சக்கரம் எந்தக் கணத்திலும் ஏதாவது ஒரு பல்லையாவது பிடித்திருக்கும். டார்ஜிலிங்கில் மலையளவுக்குப் பெரிதாக இருந்த திருப்பம் இங்கே விரலளவுப் பல்லாகச் சுருங்கியிருக்கிறது. நிர்ப்பந்தம் தீரவில்லை. அது பிரயாணியின் கண்ணுக்குத் தெரியாத இடத்திற்குப் போயிருக்கிறது, அவ்வளவே.

பாலங்களில் இன்னும் நுட்பம். ஜேம்ஸ் வாரன் என்பவர் 1848இல் இன்னொருவரோடு சேர்ந்து காப்புரிமை பெற்ற சட்டக அமைப்பு, மேலே ஒரு விட்டம், கீழே ஒரு விட்டம், இடையில் முக்கோணங்களாக ஏறி இறங்கும் ஒரே கோடு. ரயில் ஜன்னலிலிருந்து பார்க்கும்போது இரும்புச் சட்டங்கள் ஒன்றுபோலவே சாய்ந்து சாய்ந்து ஓடும். ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. பாரம் ஏறும்போது ஒன்று அமுக்கப்படுகிறது, அடுத்தது இழுக்கப்படுகிறது. பக்கத்துப் பக்கத்துச் சட்டங்கள் எதிரெதிரான வேதனையில் இருக்கின்றன. இரண்டும் முனையில் சந்திப்பதனால்தான் பாலம் நிற்கிறது. ஒரு சட்டத்தைக் கழற்றிப் பாருங்கள் என்று சொல்லலாம். யாரும் கழற்றிப் பார்க்கமாட்டார்கள். அதுதான் அந்தச் சட்டம் அங்கே இருப்பதன் நியாயம்.

*

கைவினைக்கு வருகிறேன். பொதுவாக நம்மவர்கள் கைவினையைப் பற்றி எழுதும்போது 'நம் முன்னோர்களின் அழகுணர்ச்சி' என்று ஆரம்பித்து அங்கேயே முடித்துக்கொள்வார்கள். அழகுணர்ச்சி எங்கிருந்து கிளம்பியது என்று தறிக்குப் பக்கத்தில் போய்ப் பார்ப்பதில்லை.

துருக்கி, ஈரான் பகுதிகளின் கிலிம் விரிப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் நிறத்துக்கு நிறம் ஊடு திரும்பிவிடும். பக்கத்து நிறத்தோடு கோர்த்துக்கொள்ளாது. அதனால் இரண்டு நிறங்கள் செங்குத்தாக நேர்கோட்டில் சந்தித்தால் அங்கே ஒரு பிளவு விழும். பிளவு நீண்டால் விரிப்பு கிழியும். நெசவாளி என்ன செய்கிறாள்? எல்லையை ஓரிரு இழைக்கு ஒருமுறை பக்கவாட்டில் தள்ளுகிறாள். பிளவு சிறு சிறு துளைகளாக உடைந்துவிடுகிறது. நிறங்களின் எல்லை படிப்படியாகச் சாய்கோடாகிறது. சாய்கோடு எங்கேயாவது திரும்பத்தானே வேண்டும்? கிலிம்களின் பல்வரிசைகள், சாய்சதுரங்கள், ஏறி இறங்கும் பட்டைகள் எல்லாம் இந்தக் கிழிசல் பயத்தின் சந்ததிகள்.

இன்னும் எளிதான உதாரணம் சாய்வரி நெசவு. நான்கு விழுதுகளை ஒன்று-இரண்டு, இரண்டு-மூன்று, மூன்று-நான்கு, நான்கு-ஒன்று என்று ஜோடி ஜோடியாக வரிசையில் தூக்கிக்கொண்டே நெய்தால் துணியில் சாய்கோடு தானாகவே விழும். மிதிக்கும் வரிசையைத் திருப்பினால் சாய்கோடும் திரும்பும். துணியில் தெரியும் முனை, நெசவாளியின் கால் திரும்பிய கணத்தின் பதிவு. பௌஹவுஸில் நெசவு கற்றுப் பிறகு அமெரிக்காவுக்குப் போன ஆன்னி ஆல்பெர்ஸ், 1965இல் நெசவைப் பற்றி எழுதிய நூலை பண்டைய பெரு நாட்டு நெசவாளர்களுக்கு, தன் ஆசான்கள் என்று சொல்லி, காணிக்கையாக்கினார். ஐரோப்பிய நவீன ஓவியத்தோடு சரிசமமாகப் பழகிய ஒருத்தி, பெயர் தெரியாத அந்தக் கைகளிடம் போய் நின்றதன் காரணம் எனக்குப் புரிகிறது. அங்கே உருவம் யாரும் மேலிருந்து கொண்டுவந்து வைத்ததாக இல்லை. பாவும் ஊடும் ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொண்ட சம்மதம்.

இயற்கையிலும் அப்படித்தான். பனைமட்டையின் நுனியில் ஒரு மீட்டருக்கு மேல் அகலமான ஓலை காற்றில் விறைத்து நிற்கிறது. அதன் கனமோ காகிதத்தைவிடச் சற்று அதிகம். எப்படி நிற்கிறது? மடிப்பினால். குருத்திலேயே விசிறி மடக்கினாற்போல் மடிப்புக்குள் மடிப்பாக இருந்து விரிகிறது. விரிந்த பிறகும் ஒவ்வோர் இதழும் ஈர்க்கின்மேல் மடிந்தே இருக்கிறது. ஒரு தாளை ஓரத்தில் பிடித்து நீட்டினால் துவண்டு விழும். அதையே மடிப்பு மடிப்பாக மடித்து நீட்டினால் பென்சிலைத் தாங்கும். பொருள் கூடவில்லை. உருவம் மட்டும் திரும்பியிருக்கிறது. 1829இல் லண்டன் துறைமுகக் கம்பெனியின் பொறியாளர் ஹென்றி பாமர் நெளிதகட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். நம் ஊர்ச் சினிமாக் கொட்டகைகளின் கூரைக்கு அந்தத் தகரம் வருவதற்கு வெகுகாலத்துக்கு முன்பே பனைமரம் அதைத் தலையில் தாங்கிக்கொண்டிருந்தது.

*

இதுவரை படித்தவர்கள், இவன் பயன்பாட்டுவாதி, அவசியமே அழகு என்று முடிக்கப்போகிறான் என்று நினைத்திருப்பார்கள். அப்படி முடிந்தால் எனக்கும் சௌகரியம். முடிய மறுக்கிறது.

முதலில், என் சாட்சியத்திலேயே ஓட்டை இருக்கிறது. நேர்க்கோர்வையும் உண்டு. பல் இல்லாமல், கோடு கிழித்தாற்போல் உடலும் கரையும் பிணைந்த சேலைகளை அப்பாவே நெய்திருக்கிறார். அவையும் பிரிவதில்லை. ஒருமுறை சித்தப்பாவிடம் கேட்டேன், பல் எதற்கு என்று. "ஒரே எடத்துல புடிச்சா அந்த எடமே தாங்கணும்டா" என்றார். சற்று நேரம் கழித்து, "அதுவும் இல்லாம, நேரா இருந்தா என்னமோ மாதிரி இருக்கு" என்றார். இந்த இரண்டாவது வாக்கியத்தை நான் பல வருஷம் மறந்துவிட்டிருந்தேன். முதல் வாக்கியம் என் கட்டுரைக்குத் தோதாக இருந்தது, அதனால்.

இரண்டாவது, சிலந்தி. வேலிகளில், எட்டுக் கால்களையும் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கல்குறிபோல் வலையின் நடுவில் தொங்கும் ஆர்ஜியோப்பியைப் பலர் பார்த்திருக்கலாம். கால்களின் நீட்சிபோல் வெள்ளை இழையில் ஏறி இறங்கும் தடித்த பட்டைகளை அது வலையில் இழைத்துவைக்கிறது. கையெழுத்துப் போட்டாற்போல் இருக்கும். வலையை உறுதிப்படுத்தத்தான் என்று முதலில் நினைத்து, அந்த அர்த்தத்திலேயே லத்தீனில் ஸ்டெபிலிமெண்டம் என்று பெயரிட்டார்கள். பிறகு, இல்லை, அது புற ஊதா ஒளியைத் திருப்பியடித்துப் பூச்சிகளை இழுக்கிறது என்றார்கள். இல்லை, பறவைகள் வலையைக் கிழிக்காதிருக்க எச்சரிக்கை என்றார்கள். சிலந்தியை மறைக்க என்றார்கள். ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் உண்டு, எதிர் ஆதாரமும் உண்டு. போதாக்குறைக்கு, அதே சிலந்தி ஒருநாள் நான்கு பட்டை போடுகிறது, ஒருநாள் இரண்டு, ஒருநாள் ஒன்றுமே போடுவதில்லை. நூறு வருஷத்துக்கு மேலாக விவகாரம் நடக்கிறது. பெயர் மட்டும் முதல் ஊகத்தோடு நின்றுவிட்டது.

மூன்றாவது, சிப்பி. ஜாவாவில் டிரினில் என்ற இடத்தில் 1890களில் யூஜீன் துபுவா தோண்டியெடுத்து, ஹாலந்தில் லெய்டன் மியூசியத்தில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் பெட்டியில் கிடந்த நன்னீர்ச் சிப்பிகளில் ஒன்று. 2007இல் அவற்றைப் புகைப்படமெடுத்த ஆய்வாளர் ஒருவரின் கண்ணில்தான் அது பட்டது. சிப்பியின் புறத்தில் ஏறி இறங்கும் கீறல். 2014 இறுதியில் முடிவுகளை வெளியிட்டார்கள். குறைந்தது 4,30,000 வருஷம், அதிகம் போனால் 5,40,000 வருஷம் பழசு. கீறியது நம் இனமே அல்ல, ஹோமோ எரெக்டஸ். சுறாப்பல் போன்ற கூரான ஒன்றால், அழுத்தி, முனையில் கவனமாகத் திருப்பிக் கீறியிருக்கிறது அந்தக் கை. தறி இல்லை. பாலம் இல்லை. கிழிந்துவிடும் என்ற பயம் இல்லை. சிப்பி அந்தக் கீறலால் உறுதியாகவும் இல்லை, ருசியாகவும் இல்லை.

மனிதக் கையின் மிகப் பழைய கோடு என்று நமக்குக் கிடைத்திருப்பதே திரும்பும் கோடுதான். அதற்கு ஒரு காரணமும் சொல்ல முடியவில்லை. அலங்காரம் ஒரு குற்றம் என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியன்னாவில் முழங்கிய அடால்ஃப் லூஸ் இந்தச் சிப்பியை எங்கே வைப்பார்? என்னாலும் அதை என் வாதத்துக்குள் அடைக்க முடியவில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். சிப்பியின் ஓடு கடினமானது. கீறுகிற கை அந்தக் கடினத்தை முனையில் உணர்ந்திருக்கும். நேராக இழுத்துக்கொண்டே போனால் ஓடு முடிந்துவிடும். முடிவதற்கு முன்பே திரும்பியிருக்கிறது.

ஆகவே என் முடிவைத் திருத்திக்கொள்கிறேன். அவசியம் 'திரும்பு' என்று மட்டும்தான் சொல்கிறது. எங்கே, எத்தனை இழையில், எந்தக் கோணத்தில் என்று சொல்வதில்லை. அந்த மிச்சத்தில்தான் கலைஞன் இருக்கிறான். பதுங்குகுழியில் மிச்சம் அநேகமாக இல்லை. சிப்பியில் மிச்சமே எல்லாம். தறி இரண்டுக்கும் நடுவில். 'ஒரே எடத்துல புடிச்சா அந்த எடமே தாங்கணும்' என்பதும், 'நேரா இருந்தா என்னமோ மாதிரி இருக்கு' என்பதும் ஒரே மனிதனின் வாயிலிருந்து அடுத்தடுத்து வந்தவை. நாம் செய்ததெல்லாம் இரண்டு கட்சிகளாகப் பிரிந்து ஆளுக்கொரு வாக்கியத்தைத் தூக்கிக்கொண்டதுதான்.

*

போலியைப் பற்றியும் பேச வேண்டும். ஏனென்றால் விமர்சனத்தின் அன்றாட வேலை போலியோடுதான்.

மின்னலை நாம் எப்படி வரைகிறோம்? முனை முனையாக முறிந்த ஒரு கோடு. டிரான்ஸ்பார்மர் பலகையில் மண்டையோட்டுக்கு மேல் இருப்பது. 1880களில் மின்னலைப் புகைப்படமெடுத்தபோது அப்படி எதுவும் அகப்படவில்லை. வேர்போல் கிளைத்து, நரம்புபோல் நடுங்கி ஓடும் ஒன்றுதான் தட்டில் பதிந்தது. மேகத்திலிருந்து இறங்கும் மின்னல் சில பத்து மீட்டர்கள் பாய்ந்து, கணத்தில் மிகச் சிறிய பங்கு நேரம் நின்று, எந்தப் பக்கம் காற்று வழிவிடும் என்று தேடி மறுபடி பாய்கிறது. அதன் ஒவ்வொரு கோணலும் ஒரு தேடல். ஓவியர்களின் மின்னலில் தேடல் இல்லை. கோணல் மட்டும் இருக்கிறது. ஆனாலும் நூற்றாண்டுக் கணக்கில் கண் அதைத்தான் மின்னல் என்று நம்பியது.

இப்போது ஒற்றை நாடாவில் நெய்து, அட்டை ஜாக்கார்டு உபயத்தில் பல்வரிசை போட்ட சேலைகள் வருகின்றன. அச்சடித்த பல்வரிசையும் வருகிறது. அங்கே எதுவும் எதோடும் பிணையவில்லை. இரண்டு துணிகள் சந்திக்கவே இல்லை. பல் மட்டும் இருக்கிறது. இதை நான் இழித்துப் பேசவில்லை. விலை குறைவு. கட்டுகிறவர்களுக்கும் அழகாகத்தான் இருக்கிறது. எந்தப் பையனும் அதற்காக இடது ஓரத்தில் உட்கார்ந்து இழை எண்ணவில்லை. இந்தக் கடைசிக் காரணத்தை நான் சுலபமாகத் தாண்டிப் போக முடியாது. நாலு வருஷம் மத்தியானப் பள்ளிக்கூடம் எனக்குக் கிடையாது. கோர்வையின் அழகைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் அந்த அழகு எந்தப் பாரத்தைத் தாங்கியது என்று கேட்கும்போது, யார்மேல் ஏறிய பாரம் என்றும் சேர்த்துக் கேட்கட்டும். அப்படிக் கேட்பதனால் அழகு குறைந்துவிடாது. தெரிந்துகொண்ட பிறகும் நிற்கிற அழகுதான் எனக்குப் பொருட்படுத்தத்தக்கது.

*

இனி நண்பரின் வரி உடைப்பு.

ஆந்திராவில் கர்நூல் பக்கம் எர்ரகுடியில் அசோகனின் சிறு பாறைச் சாசனத்தில் சில வரிகள் இடமிருந்து வலமாகவும், அடுத்தவை வலமிருந்து இடமாகவும் வெட்டப்பட்டிருக்கின்றன. பழைய கிரேக்கத்திலும் இந்த வழக்கம் உண்டு. எருது உழுது திரும்புவதுபோல் என்று அதற்குப் பெயர். கவிதை வரிக்கு லத்தீனில் இருந்த சொல்லும் திருப்பம், உழவுச்சால் என்ற பொருளையே தருவது. ஆனால் பாறையில் எழுத்து திரும்பியது பாறை முடிந்ததால். உரைநடையும் இன்றுவரை அப்படித்தான். தாளின் ஓரம் வந்தால் திரும்புகிறது. ஓரத்தைத் தீர்மானிப்பவர் அச்சகக்காரர். கவிதை வரி ஓரம் வருவதற்கு முன்பே திரும்புகிறது. அப்படியானால் அதை அங்கே நிறுத்தியது எது? இந்தக் கேள்விக்குப் பதில் இருந்தாக வேண்டும்.

பழைய செய்யுளுக்குப் பதில் இருந்தது. பனையின் மடிப்பை நீக்கி, ஈர்க்கைக் கிழித்தெறிந்து, தட்டையாக்கிய ஓலையில் நாம் எழுதினோம். அதில் அடி பிரித்து எழுதும் வழக்கமில்லை. ஒரே ஓட்டமாக எழுதிப்போவார்கள். கண்ணுக்கு வரி இல்லை. ஆனால் காதுக்கு உண்டு. எதுகை வந்தவுடன் காது சொல்லிவிடும், அடி திரும்பிவிட்டது என்று. ஒரு சீரின் ஈறும் அடுத்த சீரின் முதலும் எப்படிப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு யாப்பு வைத்த பெயர் தளை. அது கட்டு. எனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னால் கோர்வை. ஓலையில் நீக்கிய மடிப்பை ஒலியில் திரும்ப மடித்துவைத்தார்கள்.

அச்சு வந்தது. அடி கண்ணுக்குத் தெரிந்தது. 1959இல் 'எழுத்து' வந்தது. ந. பிச்சமூர்த்தியும் அவரைத் தொடர்ந்தவர்களும் எதுகையை விட்டார்கள், தளையை விட்டார்கள். அது தேவையான காரியம். அந்தப் பல்வரிசை அதற்குள் அச்சடித்த பல்வரிசையாகிவிட்டிருந்தது. சிலர் கைகளில் எதையும் பிணைக்காமல் ஓசைக்கு ஓசை பல்லிளித்துக்கொண்டிருந்தது. ஆனால் தளையை விட்ட பிறகு திரும்புகிற இடத்தின் பாரத்தை ஏற்க வேறொன்று வர வேண்டும். வாரனின் சட்டங்களைப்போல் ஒரு வரி அமுக்கப்பட்டால் அடுத்தது இழுக்கப்பட வேண்டும். மேல்வரி கொடுத்த எதிர்பார்ப்பைக் கீழ்வரி மறுக்கலாம், ஒத்திப்போடலாம், வேறு திசையில் திருப்பலாம். இரண்டும் முனையில் ஒன்றையொன்று பிடித்தாக வேண்டும். அப்படி வந்த கவிதைகள் உண்டு. ஆனால் வந்தவற்றில் பெரும்பகுதி, முறிந்த கோட்டைப் பார்த்து முறிந்த கோடு வரைந்தவை. மின்னலைப் பார்க்காமல் டிரான்ஸ்பார்மர் பலகையைப் பார்த்து வரைந்தவை.

இதற்கு ஒரு சோதனை உண்டு. பாலத்தில் செய்யத் துணியாததைக் காகிதத்தில் செய்யலாம். வரிகளைச் சேர்த்து உரைநடையாக எழுதிப் பார்ப்பது. எதுவும் சரியவில்லை என்றால் அந்தத் திருப்பங்கள் எதையும் தாங்கிக்கொண்டிருக்கவில்லை. இது முழுமையான சோதனை என்று சொல்லமாட்டேன். சித்தப்பாவின் இரண்டாவது வாக்கியத்துக்கு, அந்தச் சிப்பிக்கு, இதில் இடமில்லை. எதையும் தாங்காமல் சும்மா திரும்பி, ஆனாலும் திரும்பியே ஆக வேண்டியிருந்த வரிகள் எங்கோ இருக்கலாம். அவற்றை அடையாளம் காண என்னிடம் கருவி இல்லை. ஆனால் அந்த அரிதான வரியின் பெயரைச் சொல்லிக்கொண்டு மற்றதெல்லாம் தப்பித்துக்கொள்வதை அனுமதிக்க முடியாது.

அடுத்தவர் கவிதையில் இதைச் செய்துகாட்டுவது சுலபம். நம் பத்திரிகைகளில் அது நிறைய நடந்தாகிவிட்டது. எனவே என் இரண்டாவது தொகுப்பை எடுத்துக்கொண்டேன். 41 கவிதைகள். ஐந்து இரவுகள் உட்கார்ந்து எல்லாவற்றையும் நேர்வரியாக ஒரு நோட்டில் எழுதினேன். பதினொன்று உரைநடையில் முன்னைவிடத் தெளிவாகவே இருந்தன. இருபத்தேழு எந்த மாற்றமும் இல்லாமல், யாரும் கவனிக்காத மாதிரி, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டன. மூன்று மட்டும் எழுத வரவில்லை. சேர்த்து எழுதினால் வாய் பிளந்தன. அவற்றில் ஒன்று தறியைப் பற்றியது. மற்ற இரண்டுக்கும் தறிக்கும் சம்பந்தமில்லை.

நண்பர் மறுபடி வரும்போது அந்த நோட்டைக் காட்டலாம் என்றிருக்கிறேன். 38 கவிதைகளின் விஷயத்தில் அவர் சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். கரையின் விஷயத்தில் ஒப்புக்கொள்ள முடியாது.